லேப்டாப் சிப்பா, பழைய சர்வர் சிப்பா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்குங்க

ரெண்டு மாசம் முன்னாடி அக்கா பையன் பாண்டியிலேர்ந்து போன் பண்ணான். "மாமா, 14 கோர் 28 த்ரெட் சியான் வொர்க்ஸ்டேஷன், லேப்டாப்ப விட கம்மி விலைக்கு வருது. லேப்டாப்ல வெறும் 8 கோர்தான். அப்புறம் எதுக்கு மாமா லேப்டாப்?" காலாப்பட்டு பக்கம் ரூம் எடுத்து தங்கி கம்ப்யூட்டர் படிக்கிற பையன், நியாயமான கேள்விதான் கேட்டான். (சியான்னா இன்டெல் சர்வருக்குன்னு செய்யுற சிப். கோர்னா சிப்புக்குள்ள வேல பாக்குற ஒரு ஆள் மாதிரி, த்ரெட்னா அந்த ஆள் ஒரே நேரத்துல கையில வச்சிருக்குற வேல வரிசை.) கடலூர் திருப்பாப்புலியூர்ல நான் சர்வீஸ் வேல பாக்குற இடத்துக்கு வர்ற பாதி பேர் இதே கேள்வியத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்ல நேரம் பத்தல, அதனால முழுசா எழுதிடுறேன். புதுசா வர்றவங்களுக்காகத்தான் எழுதுறேன், தெரிஞ்சவங்க வேகமா தாண்டிப் போயிடலாம்.

மொதல்ல செய்ய வேண்டியது, ரெண்டு சிப்போட முழுப் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதுறது. "ஐ5", "சியான்"னு மட்டும் எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல, நம்பரோட எழுதணும். நம்ம பையன் கேட்டது இன்டெல் சியான் ஈ5-2680 வி4, அதுக்கு எதிர்ல அவன் பாத்து வச்சிருந்த லேப்டாப்ல இருந்தது கோர் ஐ5-12450எச். இந்த முழு நம்பர இன்டெல் சைட்ல தேடினா அந்த சிப்போட பக்கம் வரும், ஏஎம்டி சிப்னா ஏஎம்டி சைட்ல வரும், விக்கிறவர் சொல்றத விட்டுட்டு அங்க இருக்குறத எடுத்து எழுதிக்கோங்க. வந்த வருஷம், கோர் எத்தன, அதிகபட்ச வேகம், எத்தன வாட், எந்த ரேம் எத்தன சேனல் (சிப்புக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்குற பாதை), உள்ளயே கிராபிக்ஸ் இருக்கா. இவ்வளவு போதும்.

எழுதிப் பாத்தா இப்படி வரும். சியான் 2016ல வந்தது, 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போல, அதாவது கொஞ்ச நேரம் ஏத்தி ஓட்டும்போது, 3.3 (அதுவும் ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் ஓடும்போதுதான், எல்லாம் ஓடுனா அதைவிட கம்மி), 35 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்குற சின்ன மெமரி), 120 வாட், டிடிஆர்4-2400 ரேம் நாலு சேனல், கிராபிக்ஸ் கிடையாது. லேப்டாப் சிப் 2022ல வந்தது, 8 கோர்னு சொன்னாலும் அதுல 4தான் பெரிய கோர், மிச்சம் 4 கரண்ட் மிச்சம் பண்ற மெதுவான சின்ன கோர், மொத்தம் 12 த்ரெட், பெரிய கோர் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அடிப்படை 45 வாட், டர்போல 95 வாட் வரைக்கும் இழுக்கும், கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு.

இங்கதான் எல்லாரும் 14க்கும் 8க்கும் கணக்குப் போட்டு ஏமாந்து போறாங்க. கிகாஹெர்ட்ஸ்ங்கிறது ஒரு செகண்டுக்கு எத்தன துடிப்புன்னு மட்டும்தான் சொல்லும், ஒரு துடிப்புல எவ்வளவு வேல முடியுதுன்னு சொல்லாது. 2016லேர்ந்து 2022க்குள்ள அந்த ஒரு துடிப்புல முடியுற வேலயே நல்லா ஏறிடுச்சு, துடிப்பும் 3.3லேர்ந்து 4.4 ஆயிடுச்சு, ரெண்டையும் சேத்துப் பாத்தா லேப்டாப்போட ஒரு பெரிய கோர் சியானோட ஒரு கோர விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகம். இத மனசுல வச்சுக்கோங்க, கீழ ஒரு கணக்குக்கு வேணும்.

அடுத்து உங்க வேல எப்படிப்பட்ட வேலன்னு பாக்கணும், நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது இதத்தான். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற இடத்துக்குப் போயிருக்கீங்களா? ஒரு மூட்டைய பிரிச்சு 14 பேர் முன்னாடி கொட்டினா 14 பேரும் ஒரே நேரத்துல உடைப்பாங்க, ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்க வேண்டியதில்ல. வீடியோ ரெண்டர் பண்றது (எடிட் பண்ணத கடைசி ஃபைலா ஆக்குறது), பெரிய கோட கம்பைல் பண்றது (எழுதின கோட ஓடுற புரோகிராமா மாத்துறது), பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல படம் உருவாக்குறது, ஒரே மெஷின்ல அஞ்சாறு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டுறது எல்லாம் இந்த மாதிரி வேல. ஆனா மொதல்ல கொட்டைய வறுக்குற இடம்னா, வறுக்குற சட்டி ஒண்ணுதான், அங்க 14 பேர் நின்னாலும் ஒருத்தர்தான் கிளற முடியும். டேலி, சாதாரண எக்ஸெல், ஆட்டோகேட்ல 2டி வரையுறது, பிரவுசர்ல ஒரு பக்கம் தொறக்குறது, நெறைய கேம், இதெல்லாம் பெரும்பாலும் சட்டி வேல. ஆள் அதிகம் இருந்தா உதவாது, கை வேகமா இருந்தாத்தான் உதவும்.

நெஜ வேல எதுவும் முழுசா ஒரே பக்கம் இருக்காது, ரெண்டும் கலந்துதான் வரும். 1967லயே ஜீன் அம்டால்னு ஒருத்தர் இத ஒரு விதியா சொல்லிட்டாரு, இன்னிக்கும் அது அப்படியே பொருந்துது. ஒரு கணக்கு போடுவோம். சியானோட ஒரே கோர்ல 100 நிமிஷம் ஆகுற வேல, அதுல 30 நிமிஷம் பிரிக்க முடியாதது, 70 நிமிஷம் பிரிக்க முடியுறதுன்னு வைங்க. 14 கோருக்கு பிரிச்சா 70 வந்து 5 ஆயிடும், ஆனா அந்த 30 அப்படியே நிக்கும், மொத்தம் 35 நிமிஷம். இப்ப லேப்டாப்புக்கு வாங்க, கோர் ரெண்டு மடங்கு வேகம்னு சொன்னேனே, அப்ப 30 வந்து 15 ஆயிடும், 70 வந்து 35 ஆகி 4 பெரிய கோருக்கு பிரிஞ்சு 8.75 ஆகும், மொத்தம் 23.75 நிமிஷம், சின்ன கோர் நாலையும் சேக்காமலே. லேப்டாப் ஜெயிச்சுடுச்சு! இதே வேல 100 நிமிஷமும் பிரிக்க முடியுறதா இருந்தா சியான் 7 நிமிஷத்துல முடிச்சுடும், லேப்டாப்போட பெரிய கோர் நாலுக்கு 12.5 ஆகும், சின்ன கோர் கைகொடுத்தா இன்னும் கொறையும். வேலைய மாத்தினா ஜெயிக்கிற ஆள் மாறுது பாருங்க. அதனாலதான் யாராவது "எதுண்ணே பெஸ்ட்டு"ன்னு கேட்டா நான் மொதல்ல என்ன வேலன்னு திருப்பிக் கேக்குறது.

கணக்கு போட்டாச்சுன்னு அதோட நிறுத்தாதீங்க, நேர்ல அளந்து பாருங்க. விக்கிறவர்கிட்ட அரை மணி நேரம் கேளுங்க, நல்ல ஆளா இருந்தா குடுப்பாரு, குடுக்க மாட்டேன்னா அந்த மெஷின விட்டுட்டு வாங்கன்னுதான் நான் சொல்வேன். ஒரு பென்டிரைவ்ல செவன்-ஜிப்னு ஃபைல சுருக்குற சாஃப்ட்வேர எடுத்துட்டுப் போங்க, இலவசம்தான், அதுல டூல்ஸ் மெனுக்குள்ள பெஞ்ச்மார்க்னு வேகம் அளக்குற சோதன இருக்கும். த்ரெட் எண்ணிக்கைய 1னு வச்சு ஒரு தடவ, முழுசா வச்சு ஒரு தடவ ஓட்டுங்க, மொத்த ரேட்டிங்னு வர்ற ரெண்டு நம்பரயும் எழுதுங்க. மொத நம்பர் சட்டி வேலைக்கு, ரெண்டாவது மூட்ட வேலைக்கு. அதுக்கப்புறம் உங்க சொந்த ஃபைல் ஒண்ணு, நீங்க தெனம் தொறக்குற எக்ஸெல், இல்ல ஒரு பத்து நிமிஷ வீடியோ, அத அந்த மெஷின்ல ஓட்டி போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பாருங்க. எந்த பெஞ்ச்மார்க்க விடவும் இதுதான் உண்மைய சொல்லும்.

நாங்க பாத்தத சொல்றேன். மஞ்சக்குப்பத்துல ஸ்டுடியோ வச்சிருக்குற நண்பர்கிட்ட இதே ஈ5-2680 வி4 மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, பையன் கூடப் படிக்கிற ஒருத்தன்கிட்ட அந்த 12450எச் லேப்டாப் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். 12 நிமிஷ கல்யாண வீடியோ ஒண்ண ஹேண்ட்பிரேக்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு எச்265க்கு (வீடியோவ சின்னதா சுருக்குற ஒரு முறை) மாத்தினோம், வெறும் பிராசஸர் மட்டும். சியான்ல 8 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி, லேப்டாப்ல 9 நிமிஷத்துக்குப் பக்கம். பையன் முகம் அப்படியே மாறிடுச்சு, 14க்கும் 8க்கும் இவ்வளவுதான் வித்தியாசமான்னு. அதுக்கப்புறம் லேப்டாப்ல குயிக் சிங்க் போட்டோம், அது சிப்புக்குள்ள இருக்குற கிராபிக்ஸ்லயே வீடியோவ மாத்துற தனி பாகம், 2 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. சியான் ஈ5ல அந்த வசதியே கிடையாது. ஆனா ஒண்ணு, குயிக் சிங்க்ல அதே தரம் வேணும்னா ஃபைல் சைஸ் கொஞ்சம் பெருசா வரும், அதனால ஸ்டுடியோக்காரர் கஸ்டமருக்குக் குடுக்குற கடைசி காப்பிய பிராசஸர்லதான் போடுறாரு.

இன்னொண்ணும் அன்னிக்கு பாத்தோம். லேப்டாப்ப தரையில வச்சு செவன்-ஜிப்ப பத்து சுத்து ஓட்டவிட்டோம், எச்டபிள்யூ இன்ஃபோல சூடு 95 டிகிரி காட்டுச்சு, மொத சுத்துல வந்த நம்பர் பத்தாவது சுத்துல அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சு போச்சு. பின்பக்கம் ரெண்டு நோட்டுப் புத்தகத்த முட்டுக் குடுத்து தூக்கி வச்சோம், கீழ காத்து போற இடம் கிடைச்சதும் கொறஞ்சதுல பாதி திரும்பி வந்துடுச்சு. சியான் பக்கம் நம்பர் மொத சுத்துலயும் பத்தாவதுலயும் ஒண்ணேதான், கையளவு ஹீட்சிங்க், பெரிய ஃபேன், பெரிய பொட்டி. ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டுட்டு தூங்குறவங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு. கத்திரி வெயில்ல நம்ம ஊர் ரூம் என்ன சூட்டுல இருக்கும்னு உங்களுக்கே தெரியும், லேப்டாப்ப டெஸ்ட் பண்ணும்போது ஏசி ஷோரூம்ல வர்ற நம்பர உங்க வீட்டு நம்பர்னு நினைச்சுக்காதீங்க.

சரி, அளந்தாச்சு. இப்ப விலை. சிப் விலைய பாக்காதீங்க, மேசைக்கு வந்து ஓடுற வரைக்கும் ஆகுற மொத்த விலைய எழுதுங்க. சியான் ஏன் இவ்வளவு மலிவுன்னா, டேட்டா சென்டர்காரங்க சில வருஷத்துக்கு ஒரு தடவ மெஷின மொத்தமா மாத்துவாங்க, வெளிவந்தப்ப 1,745 டாலர் போட்ட சிப் அப்படியே குவியல் குவியலா செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துடுது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டாலே கிடைக்கும். சிப் மலிவு, அது உண்மைதான். ஆனா மானிட்டர், கீபோர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு (இல்லன்னா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது), வைஃபை கார்டு, யூபிஎஸ் எல்லாம் தனித்தனியா கூட்டணும். லேப்டாப்ல இது அத்தனையும் உள்ளயே இருக்கு, பேட்டரியே யூபிஎஸ். 2011 டிசம்பர் கடைசில தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல எத்தன நாள் கரண்ட் இல்லாம கெடந்தோம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல பாண்டி என்ன பாடு பட்டுச்சு, கடலோரத்துல இருக்குற நாம யூபிஎஸ் காச கணக்குல விடவே கூடாது.

ரேம்ல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நானே விழுந்துட்டேன். சில வருஷம் முன்னாடி வீட்டு டெஸ்க்டாப்புக்குன்னு 16 ஜிபி டிடிஆர்4 ரெண்டு குச்சி மலிவா வாங்கினேன், ஸ்லாட்ல அழகா உக்காந்துச்சு, மெஷின் ஆன் ஆகவே இல்ல. எடுத்து லேபிள பாத்தா 2400டிக்கு அப்புறம் ஆர்னு போட்டிருந்துச்சு. அது ரெஜிஸ்டர்டு ரேம், சர்வர் போர்டுக்கு மட்டும்தான் ஆகும். விக்கிற ஆள் திரும்ப வாங்க மாட்டேன்னுட்டாரு, அந்தக் காசு போனது போனதுதான். லேபிள்ல அந்த இடத்துல யூன்னு இருந்தா சாதாரண டெஸ்க்டாப்புக்கு, எஸ்னு இருந்தா லேப்டாப்போட சின்ன குச்சி, ஆர்னு இருந்தா சர்வர். இந்த ஒரு எழுத்த பாக்க ரெண்டு செகண்ட் போதும், தயவு செஞ்சு பாருங்க. சியான் மெஷின் வாங்குறவங்களுக்கு இந்த ஆர் ரேம் செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்கிறது லாபம், ஈசிசின்னு தப்பத் தானே கண்டுபிடிச்சு திருத்துற வசதியும் அதுல வரும், அந்த சிப் 1.5 டெராபைட் வரைக்கும் ரேம் தாங்கும். லேப்டாப் சிப்புக்கு 64 ஜிபிதான் எல்ல, அதுவும் பல லேப்டாப்ல ரேம போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டிடுறாங்க, ஏத்தவே முடியாது.

சேனல் கணக்கும் பாத்துடுங்க. டிடிஆர்4-2400 நாலு சேனல்னா செகண்டுக்கு 76.8 ஜிபி போகும், லேப்டாப்ல டிடிஆர்4-3200 ரெண்டு சேனல்னா 51.2. ஆனா கடையில விக்கிற நெறைய லேப்டாப்ல ஒரே குச்சிதான் போட்டிருப்பாங்க, அப்ப 25.6தான். இன்னொரு குச்சி போட ஸ்லாட் காலியா இருக்கான்னு கேட்டு, முடிஞ்சா மொத நாளே போட்டுடுங்க.

பழைய சியான்ல விண்டோஸ் பிரச்சனையும் இருக்கு. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட பொதுவா முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 ஆதரிக்கிற பட்டியல்ல 2016 சியான் கிடையாது. லினக்ஸ் ஓட்டுறவங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, அருமையா ஓடும். டேலி, ஜிஎஸ்டி, பேங்க் வேல பாக்குற மெஷினுக்கு பழைய சியான் வேணாம்னு நான் கண்டிப்பா சொல்வேன். அப்புறம் ஈ5ன்னு எழுதியிருந்தாலும் பின்னாடி வி போடாதது, வி2 போட்டது ரெண்டும் இன்னும் பழசு, அதுல ஏவிஎக்ஸ்2ங்கிற கட்டளைத் தொகுப்பு இல்ல, அது கேக்குற புது சாஃப்ட்வேர் தொறக்கவே தொறக்காது. வி3, வி4 மட்டும் பாருங்க.

கரண்ட் கணக்க எல்லாரும் விட்டுடுறாங்க. ஸ்டுடியோவுல வாட் மீட்டர் சொருகிப் பாத்தோம். சியான் பொட்டி சும்மா இருக்கும்போதே 75 வாட், முழு வேலையில 190. லேப்டாப் லேசான வேலையில 15, முழு வேலையில 80. ஒரு நாளைக்கு 2 மணி நேரம் கடின வேல, 4 மணி நேரம் லேசான வேலன்னு வைங்க, மானிட்டருக்கு ஒரு 20 வாட்டும் சேத்தா சியானுக்கு 0.8 யூனிட், லேப்டாப்புக்கு 0.22. கடலூர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் ரீடிங் எடுப்பாங்க, அந்த 60 நாளுக்கு 48 யூனிட்டும் 13 யூனிட்டும். மூணு வருஷத்துல வித்தியாசம் 626 யூனிட். இந்த யூனிட் உங்க பில்லோட மேல போய் உக்காரும், அதனால சராசரி ரேட்ட எடுக்காதீங்க, பில்லுல கடைசி ஸ்லாப் ரேட்ட எடுத்துப் பெருக்குங்க, அது 6 ரூபான்னா 3,756 ரூபா. பாண்டில மாசா மாசம் பில், ஸ்லாபும் வேற, முறை இதேதான். சியான ராப்பகலா ஓட்டி வீட்டு சர்வர் ஆக்கலாம்னு நினைக்கிறவங்க மட்டும் கவனமா கேளுங்க, சும்மா இருந்தாலே 60 நாளுக்கு 108 யூனிட், தமிழ்நாட்டுல வீட்டுக்கு இலவசமா தர்ற யூனிட்ல பாதிக்கு மேல அந்த ஒரு பொட்டியே தின்னுடும்.

லேப்டாப் பக்கமும் ஏமாத்துற பேரு இருக்கு. ஐ7ன்னா எப்பவும் பெருசுன்னு நினைக்காதீங்க, ஐ7-1255யூல பெரிய கோர் 2தான், ஐ5-12500எச்ல 4. கடைசில யூ வந்தா பேட்டரிக்கு, எச் வந்தா வேகத்துக்கு. ஏஎம்டில ரைசன் 5 7520யூன்னு பாத்தா 7 ஆயிரம் நம்பர், புதுசுன்னு தோணும், மூணாவது எண் 2, அதாவது ஜென்2 (ஜென்ங்கிறது ஏஎம்டி டிசைனோட தலைமுறைப் பேரு), பழைய டிசைன், அதுவும் 4 கோர்தான். 7530யூ ஜென்3, 7540யூ ஜென்4. அந்த வரிசையில மூணாவது எண்ண பாத்து வாங்குங்க.

புது சர்வர் சிப் பத்தியும் ரெண்டு வார்த்த. 2022 நவம்பர்ல வந்த ஏஎம்டி எபிக் 9654ல 96 கோர், 192 த்ரெட், 12 சேனல் ரேம், 360 வாட், விலை 11,805 டாலர். அது நூத்துக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல சேவை குடுக்கறதுக்கு செஞ்சது, வீட்டுக்கு இல்ல. ஆனா அத வாடகைக்கு எடுக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவதான் பெரிய வேல வருதுன்னா கிளவுட்ல மணிக்கணக்குல எடுத்து ஓட்டிட்டு உடனே நிறுத்திடுங்க. எடுக்கும்போது 4 விசிபியூன்னு (கிளவுட்ல பிராசஸர எண்ணி விக்கிற அளவு) போட்டிருந்தா பெரும்பாலும் 4 த்ரெட், அதாவது 2 கோர்தான், 4 கோர்னு நினைச்சு விலைய ஒப்பிடாதீங்க. வேல முடிஞ்சதும் நிறுத்த மறந்தா பில் ஓடிக்கிட்டே இருக்கும், போன்ல அலாரம் வச்சுக்கோங்க.

இவ்வளவும் எழுதி முடிச்சு பேப்பர பையன் முன்னாடி வச்சேன். அவனுக்கு வாராவாரம் காலாப்பட்டுக்கும் கடலூருக்கும் பஸ்ல போய் வரணும், கோட் எழுதணும், ரெண்டு விர்ச்சுவல் மெஷின் ஓடணும், எப்பவாவது வீடியோ. அவனே சொல்லிட்டான் லேப்டாப் போதும் மாமான்னு, 16 ஜிபி ஒரே குச்சியா இருந்தத ரெண்டு குச்சியா ஆக்கி வாங்கினோம். ஸ்டுடியோக்காரருக்கு சியான்தான் சரி, ராத்திரி முழுக்க அஞ்சாறு கல்யாணம் ரெண்டர் ஓடுது, 64 ஜிபி ரேம மலிவா போட்டுட்டாரு, மெஷின் ஒரே மேசையிலதான் இருக்கு, லினக்ஸ்லதான் ஓட்டுறாரு. அவர விண்டோஸ் லேப்டாப்புக்கு மாறச் சொன்னா நான் அவருக்கு நஷ்டம் பண்ணினவனாயிடுவேன்.

வாங்கினதும் மொத நாள் ராத்திரியே செவன்-ஜிப் நம்பர் ரெண்டையும், சூட்டையும், தேதியையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுடுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ திரும்ப ஓட்டிப் பாருங்க. கடல் காத்துல உப்பு இருக்கு, தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகள்லேர்ந்து வர்ற மெஷின்ல ரேம் கால்ல பச்சை படிஞ்சு நான் நெறைய பாத்திருக்கேன். நம்பர் பத்துல ஒரு பங்குக்கு மேல கொறஞ்சா சிப் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க, ஃபேன் வாய்ல பஞ்சு அடைச்சிருக்கும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சிருக்கும். ஸ்டுடியோக்காரர் மெஷின்ல போன மாசம் அதுதான் நடந்துச்சு, ஹீட்சிங்க கழட்டி பிரஷ் போட்டு, புது பேஸ்ட் தடவி திரும்ப ஓட்டினோம், நோட்டுல முன்னாடி எழுதியிருந்த பழைய நம்பர் வந்து நின்னுச்சு.